படிப்புச் சுமையும் மனச் சுமையும்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கூரைக் கொட்டகையில், ஒரே ஒரு மின்விளக்கின் கீழ், மாலைநேரப் பள்ளியாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. தேர்வுக் கட்டணம் கட்ட வழியற்று நின்ற பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டியது. பாடநூல் வாங்கித் தந்தது. சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேறியது. இவற்றையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். ஆகவே நான் பாராட்டுரை கூற வரவில்லை. சங்கம் இதுவரை கணக்கில் எழுதாத ஒரு செலவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நம் பிள்ளைகள் படிப்பதற்காகத் தம் உள்ளத்தால் கொடுக்கும் விலை. 'மாணவர் மனநலம்' என்று இன்று எல்லோரும் சொல்லும் பொருள் அதுதான்.

மனநலம் என்றவுடன் நம்மவர் பலர் முகம் சுளிப்பர். 'பைத்தியம்' என்னும் ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் நம் தெருக்களில் இதற்கு நெடுநாள் இருந்ததில்லை. ஆதலின் முதலில் மன அழுத்தம் என்றால் என்ன என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

மன அழுத்தம் என்பது யாது?

வியன்னாவில் பிறந்து, கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் ஆய்வு நடத்திய ஆன்ஸ் செல்யி என்னும் மருத்துவ அறிஞர், 1936 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். உடலுக்கு வரும் கேடு எதுவாயினும், குளிராயினும் காயமாயினும் நஞ்சாயினும், உடல் அதனை எதிர்கொள்ளும் முறையில் ஒரு பொதுத்தன்மை உண்டு என்பதே அது. பின்னாளில் உள்ளத்திற்கு வரும் நெருக்கடிகளும் அதே வழியில் உடலைத் தாக்குகின்றன என்பது தெளிவாயிற்று. அச்சமோ நெருக்கடியோ நேரும்போது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் இரு சிறு சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ இயற்கை நமக்குத் தந்த ஆயத்தம் அது. தேர்வுக்கு முன்னாள் இரவு உங்களை விழித்திருந்து படிக்கச் செய்வதும் அதுவே. அளவோடு இருந்தால் அது நன்மைதான்.

ஆனால் பொழுது சாய்ந்தும் நுகத்தடி இறக்கப்படாத மாட்டை எண்ணிப் பாருங்கள். அதன் கழுத்து புண்ணாகும். பின் அதன் நடை தளரும். ஒருநாள் அது படுத்துவிடும். மாதக்கணக்கில் இறங்காத அழுத்தமும் அத்தகையதே. உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டால் படித்தது நினைவில் தங்குவதில்லை. நினைவில் தங்காததால் மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைவதால் அழுத்தம் மேலும் கூடுகிறது. இந்தச் செக்கில் சிக்கிய பிள்ளையை நாம் 'சோம்பேறி' என்கிறோம். கால் முறிந்தவனை ஓடச் சொல்லி ஏசுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இது எல்லா மாணவர்க்கும் பொது. ஆனால் நம் பிள்ளைகள் தலையில் மற்றொரு மூட்டையும் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் இரண்டாவது மூட்டை

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நீங்கள் அறிவீர்கள். 1893 இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் நடத்தியவர். 1930 இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர். அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாக நாம் சுட்டும் அப்பெருமகனார், 1939 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் தாம் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருப்பதை ஒவ்வொரு மாணவனும் படிக்க வேண்டும். ஏறத்தாழ நானூறு மாணவர்கள் இருந்த இடத்தில் பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சினாராம். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படிப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்பிற்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வாராம்.

அன்பார்ந்த இளைஞர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாடத்தைக் கற்பது ஒரு வேலை. தன்னை மறைத்துக்கொள்வது மற்றொரு வேலை. மற்றவர் ஒரு வேலை செய்த நேரத்தில் அவர் இரண்டு வேலை செய்தார். இந்த இரண்டாவது வேலைக்கு மதிப்பெண் இல்லை, கூலியும் இல்லை. ஆனால் உள்ளத்தின் வலிமையில் பாதியை அது தின்றுவிடுகிறது.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் இவ்வேலை முடிந்தபாடில்லை. முதன்முதலாகக் கல்லூரி விடுதிக்குச் செல்லும் நம் பிள்ளையிடம், 'உன் கட்-ஆப் எவ்வளவு?' என்று கேட்கிறான் அறைத்தோழன். எண்ணை அறிவதற்காகக் கேட்கும் கேள்வி அன்று அது. 'எந்த ஊர்?' என்று கேட்கிறான். ஊரைச் சொன்னால், 'ஊரில் எந்தத் தெரு?' என்று கேட்கிறான். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக ஊழியர் உள்ளே வந்து, உதவித்தொகைக்குரியவர்கள் எழுந்து நிற்குமாறு கூறுகிறார். எழும்போது முதுகின்மேல் எத்தனை கண்கள் விழுகின்றன என்பதை எழுந்தவர்களே அறிவர். உதவித்தொகை பல மாதம் தாழ்ந்து வருகிறது. அதுவரை விடுதி உணவுக்கணக்குப் பாக்கி நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளை, ஆங்கிலத்தில் விரையும் விரிவுரையின் முன் ஊமையாகி அமர்கிறது. ஐயம் கேட்டால் 'கோட்டாவில் வந்ததுதானே' என்று முணுமுணுப்பார்களோ என்று எண்ணி வாய் திறவாமல் இருக்கிறது.

இந்த மூட்டையின் எடையை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கார்லா ஆஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பயிலும் 642 சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2004 இல் வெளியிட்டார்கள். பாதிப்பேர் உயர்ந்ததாகச் சொல்லப்படும் சாதியினர்; பாதிப்பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தாளில் அச்சிட்ட சுழல்வழிப் புதிர்களுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு. சாதியைப் பற்றி எவரும் வாய் திறவாதபோது இரு சாராரும் ஒரே அளவில் புதிர்களை அவிழ்த்தார்கள். பின்னர் வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னும் உரக்கப் படித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் அவிழ்த்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துபோயிற்று. அறிவு அதே அறிவு. வயதும் அதே வயது. பொதுவில் சாதியைக் கூவியது ஒன்றே இடையில் நிகழ்ந்தது.

'எனக்குத்தான் அறிவு போதவில்லை' என்று தனியே அமர்ந்து மறுகும் மாணவ மாணவியர் இந்த ஆய்வை மறக்கலாகாது. உங்கள் தடுமாற்றத்தில் ஒரு பங்கு உங்களுடையதன்று. அது உங்கள்மேல் ஏற்றப்பட்டது.

வீட்டுக்குள் ஏறும் சுமை

வெளியிலிருந்து வரும் சுமையைச் சொன்னேன். வீட்டிற்குள் அன்பின் பெயரால் ஏற்றப்படும் சுமையையும் சொல்லாவிடில் என் உரை அரைகுறையாகும்.

தாய்மார்களே, நீங்கள் வருந்தலாகாது. கழனியிலும் கட்டட வேலையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்து, இருந்த ஒரு கம்மலையும் அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிறீர்கள். 'நீ படித்துத்தான் இந்தக் குடும்பம் தலைநிமிர வேண்டும்' என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அது உண்மையும்கூட. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு குடும்பமே ஏறி அமரும்போது, ஒரு பாடத்தில் தவறினாலும் அப்பிள்ளைக்குக் குடும்பமே கவிழ்ந்ததாகத் தோன்றுகிறது. 'நாங்கள் பட்ட பாட்டில் இது எந்த மூலைக்கு?' என்று நாம் கேட்கும்போது, அது தன் பாட்டைச் சொல்லும் வாயை அடைத்துவிடுகிறது.

என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் அறிந்த ஒரு மாணவனின் செய்தியைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டா. பள்ளியில் முதல் மாணவன்; பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். முதல் பருவத்தில் மூன்று பாடங்களில் தவறினான். வீட்டில் 'எல்லாம் தேறிவிட்டேன்' என்று கூறினான். அடுத்த பருவத்தில் மேலும் இரண்டு. கூறிய பொய்யைக் காக்க விடுமுறைக்கு ஊர் வருவதை நிறுத்தினான். தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினான். பின் வகுப்பிற்குச் செல்வதையும் நிறுத்தினான். பகலெல்லாம் படுத்தே கிடந்தான். அதே கல்லூரியில் படித்த நம் ஊர் மூத்த மாணவர் ஒருவர் பொங்கலுக்கு ஊர் வந்தபோது, 'தம்பியைக் கண்டே நாளாயிற்று' என்று தற்செயலாகக் கூறினார். அன்றிரவே அவனுடைய தாய்மாமன் பேருந்து ஏறினார். அறைக்குள் சென்றவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'சாப்பிட்டாயா?' என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் அவனுடனேயே தங்கினார். மூன்றாம் நாள் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். மனச்சோர்வு என்று கண்டறிந்து மருந்தும் ஆலோசனையும் தந்தார்கள். நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்தான். இன்று தன் தங்கையைப் படிக்கவைக்கிறான்.

இதில் அப்பிள்ளையைக் காத்தது எது? மூத்த மாணவரின் தற்செயலான ஒரு சொல். தற்செயலை நம்பி நம் பிள்ளைகளை விடலாமா என்பதுதான் இந்த அவையின் முன் நான் வைக்கும் கேள்வி.

கண்ணீர் இழிவன்று

'அழுவது கோழைத்தனம்' என்று நம் இளைஞர்க்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அண்ணல் அம்பேத்கர் அழுதிருக்கிறார். அதனைத் தம் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்றுவிட்டு 1917 இல் பரோடா அரசின் பணிக்குச் சென்றவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியில் தங்கியவரைத் தடியேந்தி வந்த கூட்டம் வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு, இரவு வண்டியேறிப் பம்பாய் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகள் கடந்த பின்னும் அக்காட்சியைக் கண்ணீரின்றி நினைவுகூர இயலவில்லை என்று எழுதினார். அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த கை எழுதியது அது. அவமதிக்கப்பட்ட உள்ளம் வலிக்கும். வலிப்பது உயிருள்ளதன் அடையாளம். வலியைச் சொல்வது போராட்டத்தின் முதற்படி.

இரட்டைமலையாரும் அண்ணலும் தம் வலியைப் பல்லாண்டு கழித்தே எழுத முடிந்தது. அன்று அவர்களைக் கேட்பார் அருகில் இல்லை. இன்று கேட்பதற்கு நாம் இருக்கிறோம். இருந்தும் கேளாமல் இருந்தால், இந்தச் சங்கம் எதற்கு?

இழந்தவர்களும் சட்டமும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நாள் ஒன்றுக்கு முப்பத்தைந்து பேர். 2016 சனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாதத்தில் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அவ்விருவரின் தாய்மார்களும் 2019 இல் உச்சநீதிமன்றத்தின் படியேறினர். உயர்கல்வி நிலையங்களில் சாதி வேற்றுமையைத் தடுக்க உறுதியான ஏற்பாடு வேண்டும் என்று வழக்காடினர். 2025 மார்ச்சில், வேறொரு வழக்கில், மாணவர் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்சநீதிமன்றம் அமைத்தது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாண்டவர்க்குச் சுவரொட்டி ஒட்டுவதில் நாம் காட்டும் விரைவு, வாழ்கின்றவரைக் காப்பதிலும் வேண்டும். சாவு ஒருபோதும் போராட்ட வடிவம் ஆகாது. நீதி கேட்க நமக்கு உயிருள்ள பிள்ளைகள் வேண்டும்.

சட்டமும் இன்று மாறியிருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் அழுத்தத்திற்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும்; தண்டிக்கலாகாது என்கிறது. ஆகவே காவல் நிலையத்திற்கு அஞ்சி எவரும் மருத்துவத்தை மறைக்க வேண்டியதில்லை.

அறிகுறிகளும் செய்யத்தக்கனவும்

உறக்கமும் உணவும் இரு வாரங்களுக்கு மேல் மாறிக் கிடத்தல். விருப்பமானவற்றிலும் மனம் பற்றாமை. நண்பரை விட்டு விலகுதல். காரணமற்ற தலைவலி, வயிற்றுவலி. 'நான் எல்லோருக்கும் பாரம்' என்னும் பேச்சு. அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல். இவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாதீர்கள். அருகில் அமர்ந்து பேச விடுங்கள். அறிவுரையை ஒத்திவையுங்கள். 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறக்காது. கேட்டபின் நெஞ்சு இலேசாகும் என்பதே மருத்துவர் கூற்று. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

மற்றொன்றும் கூறுவேன். அழுத்தம் அவமதிப்பிலிருந்து வந்ததாயின், மருந்தும் ஆறுதலும் மட்டும் போதா. அவமதிப்பை எதிர்த்து முறையிடவும் வேண்டும். நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள். சங்கத்திடம் கொண்டு வாருங்கள். கல்லூரியில் நமக்கென உள்ள நலப்பிரிவுக்கு எழுத்தில் கொடுப்போம். முள்ளை எடுக்காமல் மருந்து பூசுவதால் புண் ஆறாது.

சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்கள்

முதலாவது: இவ்வாண்டு முதல், கல்லூரி செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நகரில் படிக்கும் அல்லது பணியாற்றும் நம்மவர் ஒருவரைத் துணையாக அமர்த்த வேண்டும். முதல் ஆறு மாதம் வாரம் ஒரு முறையேனும் அவர் பேச வேண்டும். மாதம் ஒரு முறை நேரில் காண வேண்டும். கேட்கும் முதற் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியதாக இருக்கலாகாது.

இரண்டாவது: தேர்வு முடிவு வெளியாகும் நாளில் சங்கக் கட்டடம் இரவுவரை திறந்திருக்க வேண்டும். தேறாத பிள்ளையின் வீட்டிற்கு அன்றே இருவர் செல்ல வேண்டும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பத்தோடு செல்ல வேண்டும். மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017 இல் கைவிட்டது. நம் தட்டிப் பலகையிலும் முதல் மதிப்பெண்ணுக்குரிய படத்தோடு, இரண்டாம் முயற்சியில் தேறியவர் படத்தையும் வைப்போம்.

மூன்றாவது: உதவித்தொகை வரும்வரை உணவுக்கணக்குக் கட்ட ஒரு கைமாற்று நிதி வேண்டும். பசியோடும் பாக்கியோடும் இருப்பவனுக்கு மன அமைதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது முறையன்று.

நான்காவது: ஆண்டுக்கு இருமுறை பெற்றோர் கூட்டத்திற்கு மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் மொழியில், நம் தெருவிலேயே பேசச் செய்ய வேண்டும். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருத்துவமனை செல்வதுபோல் இதற்கும் செல்லலாம் என்னும் எண்ணம் நம் வீடுகளில் பழக வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். நீங்கள் குடும்பத்தின் நம்பிக்கைதான்; சமுதாயத்தின் நம்பிக்கைதான். ஆனால் நீங்கள் எங்களுக்கு வேண்டியவர்களாக இருப்பதற்குப் பட்டம் ஒரு நிபந்தனையன்று. தேறினால் வாருங்கள், மாலையிடுவோம். தவறினாலும் வாருங்கள், சோறிடுவோம். பிறகு அமர்ந்து வழி காண்போம். இந்தக் கதவு அதற்காகவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்டது.

 வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!